எங்கம்மாவின் சும்மாடும் சர்க்கார் காடும்

எங்கம்மாவுக்கு உச்சந்தலையில் மயிர் கிடையாது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் சிறிசாக ஒரு வழுக்கை. சும்மாடு வைத்து வைத்துத் தேய்ந்துபோன இடம். சுற்றியிருக்கிற மயிரை இழுத்து அதன்மேல் மூடிக் கொண்டை போட்டுவிடுவாள், வெளியாட்களுக்குத் தெரியாது. எங்கள் சேரியில் அம்மா வயசுப் பெண்கள் எல்லோருக்கும் அது உண்டு. வயசானால் பெண்களுக்கு அப்படித்தான் ஆகும்போல என்று சின்ன வயசில் நினைத்திருந்தேன். காலேஜ் படிக்கும்போது கூடப் படித்த ஊர்ப்பெண் ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய பாட்டிக்கு எழுபது வயசுக்கு மேல். தலை நிறைய வெள்ளை மயிர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து அம்மாவின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். "இன்னாடி பேன் பாக்கறியா?" என்றாள்.

திருவண்ணாமலை மலைக்கு மேற்கே எங்கள் சேரி. கிரிவலப் பாதையிலிருந்து பிரிகிற மண்ரோட்டில் போனால் முதலில் ஊர், அப்புறம் ஏரிக்கரை, அப்புறம் நாங்கள். எங்களுக்குப் பின்னால் காட்டிலாகா கல். கல்லுக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு, அதாவது மலை. மலையே சாமி என்று நம்புகிறவர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறார்கள். நாங்களும் வெறுங்காலோடுதான் போனோம், செருப்பு இல்லாததால். நாங்கள் சுற்றவில்லை, ஏறினோம். அவர்களுக்கு அது லிங்கம். எங்களுக்கு அடுப்பு.

1997இல் எனக்கு எட்டு வயசு. அந்த வருஷம்தான் அம்மாவோடு விறகுக்குப் போக ஆரம்பித்தேன். விடியக்காலம் நாலு மணிக்கெல்லாம் ஏழெட்டுப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு கொடுவாள், ஒரு கயிறு, ஒரு பழந்துணி, தூக்குச்சட்டியில் கூழ். காய்ந்த வேலிகாத்தான், உண்ணிமுள், ஆவாரங்குச்சி எது கிடைக்கிறதோ அது. கட்டு கட்டி, பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, ஒருத்தி தலைக்கு இன்னொருத்தி தூக்கிவிட்டு வரிசையாக இறங்குவார்கள். கடைசி ஆளுக்குத் தூக்கிவிட ஆள் கிடையாது. அவள் பாறைமேல் கட்டை நிறுத்தி, தானே தலையைக் கொடுத்து எழுந்திருக்க வேண்டும். அம்மாதான் எப்போதும் கடைசி ஆள். டவுனில் இட்லிக் கடைக்கும் மெஸ்ஸுக்கும் போட்டால் கட்டுக்கு இருபது, இருபத்தைந்து ரூபாய். அந்த ரூபாயில்தான் நான் படித்தேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. கணக்குக்குச் சொல்கிறேன்.

மடக்கிப் பிடிப்பது எப்போதும் இறங்குகிற வழியில்தான். ஏறும்போது பிடித்தால் கட்டு கிடைக்காதே. ஒருநாள் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பாறை மறைவிலிருந்து வந்தார். "ஏய், எறக்குடி கட்ட" என்றார். அவருக்கு எங்கண்ணன் வயசுகூட இருக்காது. எங்கம்மா "சாமி, காஞ்ச குச்சி சாமி, பச்சைய தொடல சாமி" என்று கும்பிட்டாள். கும்பிடுவதற்குக் கையை எடுத்ததால் தலையிலிருந்த கட்டு சரிந்து என் காலருகே விழுந்தது. கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டார். ஐம்பது ரூபாய் அபராதம் என்றார். ரசீது கிடையாது. ஐம்பது ரூபாய் என்றால் இரண்டு நாள் கட்டு. கொடுவாளை மீட்க இன்னும் இருபது. அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லாத பாப்பா. திருட்டு வெறகுன்னுவாங்க."

திருட்டு என்ற அந்தச் சொல்லோடுதான் நான் வளர்ந்தேன். இந்தக் கட்டுரையும் அந்தச் சொல்லைப் பற்றியதுதான்.

மலை அப்போது மொட்டையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். எலுமிச்சை வாசம் அடிக்கிற உயரமான புல்லும், பாறையும், இடுக்கில் புதரும்தான். கோடையில் புல் காய்ந்து பற்றிக்கொள்ளும். ராத்திரியில் பார்த்தால் மலையில் நெருப்பு மாலை போட்டதுபோல் நகரும். புதுப்புல் முளைக்கும் என்று கொளுத்திவிட்ட ஆடுமாட்டுக்காரர்கள் உண்டு. பீடியை எறிந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. எங்கள் பெண்கள் காய்ந்தது கிடைக்காத நாளில் பச்சைக் கிளையை ஒடித்ததும் உண்டு. அன்றைக்குக் கும்பிட்டுக்கொண்டே எங்கம்மா சொன்னது முழு உண்மையில்லை, கட்டின் நடுவில் பச்சை இருந்தது. ஏழைகள் தப்பே செய்யாதவர்கள் என்று எழுதுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த எழுத்து எனக்கு வேண்டாம்.

ஆனால் ஒரு கேள்வி உண்டு. விறகு யார் தலையில் இறங்கியது என்று பார்த்தவர்கள், அது யார் அடுப்பில் எரிந்தது என்று பார்த்தார்களா? எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்தது கழிசல். நல்ல விறகு முழுக்க டவுனுக்குப் போனது. கோயில் ஊரில் தினமும் ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு வேக வேண்டும். செங்கல் சூளை வேக வேண்டும். கல்யாண மண்டபத்தில் பாயசம் கொதிக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து மலையை அண்ணாந்து பார்த்து, "ஒரு மரம் இல்லை பாருங்க, வெட்டித் தின்னுட்டானுங்க" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெட்டியது நாங்கள். தின்றது யார்?

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது மலைபடுகடாம் பாடம். பத்துப்பாட்டில் ஒன்று. 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன் ஆண்ட செங்கண்மாதான் இன்றைக்கு எங்கள் மாவட்டத்துச் செங்கம். பாட்டில் வருகிற நவிரமலை பருவதமலைதான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். சேயாறும் அதில் வருகிறது. எங்கள் மண்ணைப் பற்றி இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பேராசிரியர் உவமை உவமையாக விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வேறொன்று பட்டது. அந்தக் காடு முழுக்க மனிதர்கள் இருக்கிறார்கள். தினைப்புனம் காக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், வழிப்போக்காக வருகிற கூத்தர்களுக்குச் சோறு போடுகிறார்கள், எந்த வழியில் போனால் ஆபத்து இல்லை என்று சொல்கிறார்கள். ஆளில்லாத காடு அந்தப் பாட்டில் இல்லை. காட்டை அறிந்தவர்கள் என்று அது சொல்வது அரசனை அல்ல, அங்கே பாடுபடுகிறவர்களை.

அதற்குப் பிறகு நான் படித்தது 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம். பாடத்திட்டத்தில் அது கிடையாது. இயக்க வேலைக்கு வந்த பிறகு படித்தது. பெயரை மாற்றி இன்றைக்கும் தமிழ்நாட்டில் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. அதன் வேலை முறை எளிது. இந்த நிலத்தைக் காப்புக்காடாக்கப் போகிறோம் என்று சர்க்கார் அறிவிக்கும். உரிமை இருக்கிறவர்கள் கெடுவுக்குள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். ஓர் அதிகாரி விசாரித்து முடிவு செய்வார். சொல்லாதவர்களின் உரிமை அதோடு போயிற்று. பிறகு அனுமதியில்லாமல் நுழைவது, மேய்ப்பது, வெட்டுவது, பொறுக்குவது எல்லாம் குற்றம்.

தோழர்களே, அந்தக் காலத்தில் எங்கள் சேரியில் யார் எழுத்து மூலம் சொல்லியிருக்க முடியும்? அறிவிப்பைப் படித்துச் சொல்வதற்கு ஆள் உண்டா? ஊர்ச் சாவடியில் ஒட்டியிருந்தால் அதன் பக்கத்தில் நின்று பார்க்க விட்டிருப்பார்களா? புல் அறுக்கிற உரிமை, சுள்ளி பொறுக்குகிற உரிமை, செத்த மாட்டைப் போடுகிற பள்ளம், பிணம் புதைக்கிற மேடு எதற்கும் எங்களிடம் காகிதம் இல்லை. ஒரே ஒரு கெடுவில் எங்கள் பாட்டிகளின் பாட்டிகள் திருடிகள் ஆனார்கள். சாதி எங்களைத் தீண்டத்தகாதவர்கள் என்றது. சட்டம் எங்களைத் திருடர்கள் என்றது. முன்னதை எதிர்த்து நாம் நூறு வருஷமாகப் பேசுகிறோம். பின்னதைப் பற்றிப் பேசியதே இல்லை.

1988ஆம் வருஷத்துத் தேசிய வனக் கொள்கையை எடுத்துப் பாருங்கள். காட்டிலும் காட்டோரத்திலும் இருக்கிற ஆதிவாசிகள், ஏழைகளின் விறகு, தீவனத் தேவைக்குத்தான் காட்டு விளைச்சலில் முதல் உரிமை என்று அதில் இருக்கிறது. அது வந்து ஒன்பது வருஷம் கழித்துத்தான் எங்கம்மாவின் கொடுவாள் பறிபோனது. கொள்கை டெல்லியில் இருந்தது. கொடுவாள் பாறை மறைவில் இருந்தவர் கையில் இருந்தது.

இனி மலை பச்சையான கதை. 1980களின் கடைசியிலிருந்தே தன்னார்வக் குழுக்கள் மலையில் மரம் நட ஆரம்பித்தன. காட்டிலாகாவும் நட்டது. 2000க்குப் பிறகு அது பெரிய வேலையாக நடந்தது. குழி தோண்ட, நாற்றுப்பை தூக்க, தண்ணீர் சுமக்க, கோடைக்கு முன்னால் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட, தீப்பிடித்தால் தழையால் அடித்து அணைக்க ஆட்கள் வேண்டும். யார் வருவார்கள்? மலையில் எந்த இடத்தில் கால் வைத்தால் கல் உருளும் என்று தெரிந்தவர்கள் யார்? எங்கள் பெண்கள்தான். கூலிக்குப் போனார்கள். விறகு இறங்கிய அதே தலையில், அதே சும்மாட்டில், நாற்றுப்பை ஏறியது.

இன்றைக்குத் தெற்கே சமுத்திரம் ஏரிப் பக்கமிருந்து பார்த்தால் மலையின் கீழ்ப்பாதி பச்சை. மான் இருக்கிறது. முள்ளம்பன்றி இருக்கிறது. மழை நின்று பல நாள் கழித்தும் ஓடைகளில் தண்ணீர் கசிகிறது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது மழை பெய்த அன்றே செம்மண்ணாக அடித்துக்கொண்டு போய்விடும். எங்கம்மா இதற்கு வைத்திருக்கிற விளக்கம், "சருகு வுழுந்தா மண்ணு குளுரும். மண்ணு குளுந்தா தண்ணி நிக்கும். தண்ணி நின்னா கெணறு ஊறும்." காட்டின் மதிப்பு என்று நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவது இதைத்தான். இலைச்சருகு மழையின் அடியைத் தாங்குகிறது, வேர் மண்ணைப் பிடிக்கிறது, நீர் ஓடாமல் இறங்குகிறது. வடக்கே ஜவ்வாது மலையில் காடு இருப்பதால்தான் சேயாறும் நாகநதியும் இருக்கின்றன, அவற்றை நம்பிப் போளூர், ஆரணி, செய்யாறு வட்டாரத்து ஏரிகள் இருக்கின்றன. அந்த ஏரித் தண்ணீரில் விளைகிற நிலம் பெரும்பாலும் நம்முடையது இல்லை. நாற்று நடுகிற கை மட்டும் நம்முடையது. ஆனாலும் ஏரி வற்றினால் முதலில் வேலை இல்லாமல் போவது யாருக்கு? ஆகவே காடு நமக்கு வேண்டும். மரம் நட்டதைக் குறை சொல்ல நான் வரவில்லை. எங்கம்மா நட்ட மரத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்? மலைப்பக்கம் போகும்போதெல்லாம் ஒரு புங்கமரத்தைக் காட்டி, "இது நா வெச்சது" என்பாள். அதன் அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவாள்.

குறை அந்தக் காட்டை ஆளுகிற முறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பதிவான வனப்பரப்பு ஏறத்தாழ 22,900 சதுர கிலோமீட்டர். மாநிலத்தின் பரப்பில் 17 சதவீதத்துக்கு மேல். இவ்வளவு பெரிய பொதுச் சொத்தில் 'பொது' என்பது யார்? 1997இல் ஜப்பான் கடனில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. மக்களும் வனத்துறையும் சேர்ந்து காட்டைப் பராமரிப்பது என்று பேச்சு. கிராம வனக்குழுக்கள் அமைத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குழுவில் எங்கம்மாவும் உறுப்பினர். தாழ்த்தப்பட்டோர், பெண் என்று இரண்டு கட்டத்தையும் ஒரே ஆளில் நிரப்பிவிட்டார்கள். கூட்டம் ஊருக்குள் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. குழுத் தலைவர் ஊர்க்காரர். மண்டபத்தில் சமக்காளம் விரித்திருந்தது. அம்மா படிக்குக் கீழே நின்றாள். யாரும் ஏறாதே என்று சொல்லவில்லை. ஏறு என்றும் சொல்லவில்லை. நோட்டு மட்டும் படி இறங்கி வந்தது. அறிவொளி இயக்கத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்தை அம்மா அதில் போட்டாள். என்ன தீர்மானம் என்று நான் கேட்டதற்கு, "ஆடு மேய்க்கக் கூடாதாம்" என்றாள்.

ஆடு நம் மக்களுக்குப் பேங்க். பிள்ளைக்கு ஜுரம் என்றால் ஒரு குட்டி, காலேஜ் பீஸ் என்றால் இரண்டு கிடாய். மாடு ஊருக்கு, ஆடு சேரிக்கு என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத கணக்கு. காட்டில் எது மேயக் கூடாது என்று முதலில் தடை வந்தது? ஆடு. ஆடு துளிரைக் கடிக்கும், நாற்று பிழைக்காது என்கிறார்கள். உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தடை போடுகிறவர்கள் ஆட்டுக்குப் பதில் என்ன என்று கேட்டிருக்க வேண்டாமா? படிக்குக் கீழே நின்றவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இந்த வருஷம் இந்தச் சரிவு, அடுத்த வருஷம் அந்தச் சரிவு என்று மாற்றி மாற்றி மூடலாம் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். சீத்தாப்பழம், புளி, புல் மகசூல் ஏலத்துக்கு வந்தபோதும் ஊர்க்காரர்தான் எடுத்தார். முன்பு பொறுக்கித் தின்ற பழத்தை எங்கள் பிள்ளைகள் கூலிக்குப் பறித்துக் கூடையில் போட்டார்கள். காட்டைக் காட்டிலாகா ஆண்டது, காட்டிலாகாவுக்குப் பக்கத்தில் ஊர் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் மறுபடியும் கூலி.

எங்களுக்கு நடந்ததாவது அபராதத்தோடு போயிற்று. காட்டின் பெயரால் இதைவிடக் கொடூரம் நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்திருக்கிறது. 1992 ஜூன் 20. அரூருக்குப் பக்கத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து போய் அந்த மலையாளி ஆதிவாசிக் கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் தோழர்களும் விடாமல் நடத்திய வழக்கில் 2011 செப்டம்பர் 29இல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 31 வருஷம். மரத்தைக் காப்பாற்றப் போனவர்கள் எந்த மரத்தைக் காப்பாற்றினார்கள்?

அடுத்தது 2015 ஏப்ரல் 7. ஆந்திராவில் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரை அந்த மாநிலச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள். 20 பேரில் 12 பேர் எங்கள் மாவட்டம், ஜவ்வாது மலையும் அதன் அடிவாரமும். மற்றவர்கள் தருமபுரி, சேலம் மாவட்டத்து ஆட்கள். மறுநாள் பேப்பரில் கட்டைகளுக்கு நடுவில் உடம்புகள் கிடக்கிற படம். எங்கம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெறகுக்குப் போனவங்களா?" என்று கேட்டாள். இல்லம்மா, அது கடத்தல், கோடிக்கணக்கில் வெளிநாட்டுக்குப் போகிற மரம் என்று விளக்கினேன். "கோடி யாருக்கு?" என்றாள். நான் எம்.ஏ. படித்தவள். பதில் சொல்ல முடியவில்லை. செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்கிற அபூர்வ மரம். அதைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் சுடப்பட்டவர்கள் வெட்டுகிற கைகள். வாங்குகிறவன் எந்தக் காட்டிலும் பிணமாகக் கிடந்ததில்லை.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்கு வரலாற்று அநீதி நடந்திருக்கிறது என்று பாராளுமன்றமே ஒத்துக்கொண்ட சட்டம். சிறு வனப்பொருளைச் சேகரிக்க, விற்க உரிமை. அதைவிட முக்கியம், பரம்பரையாகக் காத்துவந்த சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராமசபைக்கே உரிமை. படிக்குக் கீழே நின்றவள் படியேறி உட்காருகிற சட்டம் இது. ஆனால் அதிலும் ஒரு பூட்டு இருக்கிறது. பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டை நம்பி இருந்தால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, தலைமுறைக்கு 25 என்று 75 வருஷம் அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். தலித்துகள் 'மற்றவர்கள்'. 1930க்கு முன்னால் என் பாட்டியின் அம்மா அந்த மலையில் புல் அறுத்தாள் என்பதற்கு எங்கே போவேன் சான்றுக்கு? நமக்குப் பட்டா கொடுக்காதவர்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்காதவர்கள், கணக்குப் புத்தகத்தில் பெயர் எழுதாதவர்கள், இப்போது காகிதம் எங்கே என்று கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் நம் இயக்கத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. பஞ்சமி நிலத்துக்குப் போராடினோம். சுடுகாட்டுப் பாதைக்குப் போராடினோம். ஏரியில் மீன் குத்தகைக்கும் போராடினோம். காடு என்றால் மட்டும் அது பழங்குடிப் பிரச்சினை என்று ஒதுங்கினோம். அல்லது மரம் நடுகிறவர்களின் பொழுதுபோக்கு என்று கிண்டல் செய்தோம். விறகு சுமந்தவளின் பிள்ளைகள்தான் நாம் அத்தனை பேரும். படித்து மேலே வந்ததும் முதலில் மறைத்தது அந்தச் சும்மாட்டைத்தான். நானே மறைத்திருக்கிறேன். காலேஜில் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டபோது விவசாயம் என்றேன்.

அந்தப் பூட்டுக்குச் சாவி இல்லாமல் இல்லை. சட்டத்தின் விதிகளில் 13ஆவது விதியைப் படியுங்கள். காகிதம் மட்டும்தான் சான்று என்று அது சொல்லவில்லை. உரிமை கேட்பவர் அல்லாத பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டால் அது சான்று. கிணறு, பழைய வீட்டு அடையாளம், கோயில், புதைத்த இடம் இதெல்லாம் சான்று. காகிதம் கொடுக்காதவர்களால் எங்கள் பிணங்களை அழிக்க முடியவில்லை. காட்டோரத்து மேட்டில் எங்கள் தாத்தாக்களைப் புதைத்த இடம் இருக்கிறது, தலைமாட்டுக் கல்லோடு.

ஆனால் சொல்வதற்குப் பெரியவர்கள் இருக்க வேண்டுமே. 2008இல் உயர்நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் கொடுப்பது நின்றது. 2016இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நடுவில் எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் எங்கள் சேரியில் பதினோரு கிழங்கள் செத்தார்கள். நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஆயாவும் அதில் ஒருத்தி. ஒவ்வொரு சாவிலும் ஒரு சாட்சி போனது.

2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் செத்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷம் டிசம்பர் 13 தீபத்துக்கு பக்தர்களை மலையேற விடவில்லை. பிறகு எங்கு பார்த்தாலும் ஆக்கிரமிப்பு என்ற பேச்சு. அடிவாரத்தில் குடியிருப்பது ஆபத்து, மறுக்கவில்லை. ஆனால் சொந்த நிலமுள்ளவர் யாரும் பாறைக்குக் கீழே வீடு கட்ட ஆசைப்பட்டுப் போவதில்லை. ஊருக்குள் ஒரு சென்ட் வாங்க முடியாதவர்கள்தான் போகிறார்கள். கிரிவலப் பாதையோரத்து நிலம் சதுர அடி விலைக்கு ஏறிய ஊரில், ஏழைகளுக்கு மிச்சம் மலையின் காலடி மட்டும்தான். அவர்களைக் காலி செய்யச் சொல்கிறவர்கள், பாதுகாப்பான மாற்றிடத்துக்குப் பட்டாவைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

நிலச்சரிவுக்குப் பிறகு நான் ஒரு நோட்டு போட்டேன். எங்கள் சேரியிலும் பக்கத்துச் சேரிகளிலும் அறுபது வயசுக்கு மேற்பட்டவர்களிடம் மலையைப் பற்றிக் கேட்டு எழுதுகிறேன். யார் சொன்னது, எத்தனை வயசு, அவர்களுக்கு யார் சொன்னது, எந்த இடம், எந்த மாசம், என்ன எடுத்தார்கள். கிராமசபையில் வன உரிமைக் குழு முன்னால் வைக்க வேண்டும். இதைப் படிக்கிற மாணவத் தோழர்கள் அவரவர் ஊர்க் காட்டோரத்தில் இதைச் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதினேன். கவிதை அப்புறம் எழுதலாம். கிழவிகள் காத்திருக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு மனுவுக்காக எங்கம்மாவையும் கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். "எழுத்துல போட்டா கேஸ் போட்டுடுவாங்க." மூன்று நாள் கழித்துத் தானாக வந்து உட்கார்ந்தாள். மலையில் எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனாள். இளைப்பாத்துப் பாறை, கொடுவா தீட்டுற கல்லு, புள்ள பெத்த பள்ளம். கடைசிப் பெயருக்கு நிறுத்தினேன். யார் பெற்றது? "எங்க மாமியாளோட மாமியா. வெறகுக்குப் போன எடத்துல வலி கண்டுடுச்சாம். புள்ளைய மடியில கட்டிகினு, கட்ட தலையில வெச்சிகினு எறங்கனாளாம்." எந்தக் குழந்தை அது என்றேன். "உங்கப்பனோட அப்பன்."

விரல் விட்டு எண்ணினேன். 1930க்கு முன்னால்தான் வருகிறது.

தேதி போட்டு எழுதி, அம்மாவிடம் நீட்டினேன். கையெழுத்துப் போடுமுன் கேட்டாள்: "பாப்பா, இதுல திருட்டு வெறகுன்னு எங்கியாவது எழுதியிருக்கியா?"

இல்லை என்றேன். போட்டாள்.